பதினாறு போல்ட்டுகள்: கம்பெனியில் செய்த ஃபைனல் இயர் பிராஜெக்ட்

ஒவ்வொரு வருடமும் நவம்பர் பிறந்தால் எனக்கு இந்த மாதிரி போன்கள் வர ஆரம்பிக்கும். "அண்ணா, உங்க கம்பெனியில ஃபைனல் இயர் பிராஜெக்ட் பண்ணலாமுங்களா?" கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். இதுவரை ஏழெட்டு மாணவர் அணிகளுக்குக் கம்பெனித் தரப்பில் நின்று வழிகாட்டியிருக்கிறேன். அதற்கு முன், 2015-ல் இதே கம்பெனியின் கேட்டில் கல்லூரி லெட்டரோடு நின்ற நான்கு பேரில் நானும் ஒருவன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றியது. போனில் சொல்லி முடிவதில்லை.

எங்கள் வகுப்பில் பலர் பிராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, ரெடிமேடாக ஒன்றை வாங்கி வந்தார்கள். ரிப்போர்ட்டும் அங்கேயே பைண்டிங் ஆகி வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் செமஸ்டரில் ஒரு பக்கம் பிளேஸ்மென்ட், ஒரு பக்கம் அரியர், வீட்டில் கடன் தவணை. ஆனால் நான்கு வருடம் படித்த படிப்பு இரும்பைத் தொடும் ஒரே வாய்ப்பு அந்த பிராஜெக்ட்தான். அதை விலைக்கு வாங்கிவிட்டால் பிறகு அப்படி ஒரு வாய்ப்பு மாணவனாக இருக்கும்போது திரும்ப வராது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நண்பனின் மாமா மூலம் கம்பெனிக்குள் போனோம். ஜி.எம். ஐந்து நிமிடம் பேசினார். "லீக் டெஸ்டிங் ரொம்ப ஸ்லோவா போகுது. ஆட்டோமேட் பண்ணிக் குடுங்க." அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பிரச்சினை விளக்கம். ஹாஸ்டலுக்குத் திரும்பிய அன்றே கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்துவிட்டோம். பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்), பிரஷர் சென்சார், காற்றழுத்தத்தில் நகரும் நான்கு நியூமேட்டிக் சிலிண்டர், டச் ஸ்கிரீன். பத்து நாளில் முப்பரிமாண மாடல் தயார். கல்லூரி கைடுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜர் அந்த மாடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "டெஸ்ட் பெஞ்ச்ல எத்தனை நாள் நின்னீங்க தம்பி?" என்று கேட்டார். முதல் நாள் ஒரு மணி நேரம் பார்த்ததைச் சொன்னோம். "ஒரு வாரம் நின்னுட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அன்று எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இன்று என்னிடம் வரும் அணிகளுக்கு நான் சொல்லும் முதல் வாக்கியமும் அதுதான்.

கேசிங் என்பது பம்பின் நத்தை ஓடு மாதிரி இருக்கும் இரும்பு வார்ப்பு. அதற்கு மூன்று வாய். தண்ணீர் உள்ளே வரும் சக்ஷன் வாய், வெளியே போகும் டெலிவரி வாய், பின்பக்கம் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரத்தை, நுழைக்கும் பெரிய வாய். மூன்றையும் தகடு வைத்து அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, எங்காவது வியர்க்கிறதா என்று பார்ப்பதுதான் லீக் டெஸ்ட். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

பெஞ்சில் இருந்த அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். முதல் நாள் எங்களோடு பேசவே இல்லை. இரண்டாம் நாள் காலையில், சும்மா நிற்பதற்கு அவமானமாக இருந்ததால், கேசிங்கைத் தூக்கி வைக்க நாங்களும் ஒரு கை கொடுத்தோம். ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ. டீ டைமில் அவரே கூப்பிட்டார். "வாங்க கண்ணு, டீ குடிங்க." அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த தகவல் எந்த ஃபைலிலும் இருந்ததில்லை.

மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று நாளில் நாற்பது கேசிங்குக்கு நேரம் குறித்தோம். ஒரு கேசிங்குக்கு சராசரியாக 11 நிமிடம். அதில் அழுத்தத்தில் நிறுத்திப் பார்ப்பது 2 நிமிடம். தூக்குவது, தண்ணீர் நிரப்புவது எல்லாம் சேர்த்து 2 நிமிடம். மீதி 7 நிமிடமும் போல்ட் போடவும் கழற்றவும்தான். பின்வாய்க்கு எட்டு, சக்ஷனுக்கு நான்கு, டெலிவரிக்கு நான்கு, ஆகப் பதினாறு போல்ட். ஒரு ஷிப்டில் அந்த மனிதரின் மணிக்கட்டு எத்தனை தடவை திரும்புகிறது என்று கணக்குப் போட்டபோதுதான் அவர் ஏன் இடது கையால் டீ குடிக்கிறார் என்று புரிந்தது.

எங்கள் மாடல் எதை ஆட்டோமேட் செய்தது? அழுத்தம் ஏற்றுவதையும் ரீடிங் எடுப்பதையும். அதில் மிச்சமாவது அரை நிமிடம்கூட இல்லை. சிலிண்டர்கள் தகட்டைப் பிடிக்கும் என்று வரைந்திருந்தோமே தவிர, எவ்வளவு பலத்தோடு பிடிக்க வேண்டும் என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை.

மாடலை அப்படியே ஓரம் கட்டினோம். பிரச்சினையை நாங்களே ஒரு பக்கத்தில் திருப்பி எழுதினோம். பூட்டி அவிழ்க்கும் நேரம் 7 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கு வர வேண்டும். தகட்டுக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட்டின் ஒழுகலை வார்ப்பு ஒழுகல் என்று தவறாகக் கணக்கில் எழுதும் நிலை போக வேண்டும். ஒரே ஆள் கையாள முடிய வேண்டும். செலவு நாற்பதாயிரத்துக்குள் அடங்க வேண்டும். "ஆட்டோமேட்" என்ற சொல்லே அதில் இல்லை. அந்தத் தாளில் புரொடக்ஷன் மேனேஜரிடமும் கல்லூரி கைடிடமும் கையெழுத்து வாங்கினோம். ஜி.எம். நடுவில் வந்து "வேற மாடல் பம்புக்கும் சேர்த்துப் பண்ணுங்களேன்" என்று கேட்டபோதும், ரிவ்யூவில் "சென்சார் எங்கே?" என்று கேட்டபோதும் அந்த ஒரு தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. கம்பெனி தரும் பிரச்சினையை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அது அவசரத்தில் வாயில் வந்த வார்த்தையாக இருக்கலாம். நேரில் பார்த்து, அளந்து, உங்கள் வார்த்தையில் எழுதி, அவர்களை ஒப்புக்கொள்ள வையுங்கள். இதற்கு ஒரு மாதம் போனாலும் நஷ்டமில்லை.

அடுத்தது கணக்கு. எங்கள் அவசரத்தில், கைப்பிடியைத் தள்ளியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும் டாகிள் கிளாம்ப் மூன்று வாங்கிவிட்டோம். ஒவ்வொன்றும் 340 கிலோ தாங்கும் என்று காட்டலாக்கில் போட்டிருந்தது. அதைப் பார்த்த டூல் ரூம் பிட்டர் ஒரு கேள்விதான் கேட்டார். "உள்ளேருந்து தண்ணி எத்தனை கிலோ தள்ளும்?"

பின்வாய் 20 செ.மீ. விட்டம். பரப்பு 314 சதுர செ.மீ. டெஸ்ட் அழுத்தம் 6 பார், அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 6 கிலோவுக்குச் சற்று மேல். பெருக்கினால் 1,900 கிலோவைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட இரண்டு டன்! மூன்று கிளாம்ப்பும் சேர்ந்தால்கூட பாதி. பாஸ்கல் விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம், பரீட்சையில் முழு மார்க் வாங்கியிருக்கிறோம். இருந்தும் பொருளைக் கையில் பிடித்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பத்து வரியில் முடியும் அந்தக் கணக்கைப் போடாமல் நியூமேட்டிக் மாடலை அப்படியே செய்திருந்தால் யாருக்காவது அடிபட்டிருக்கும்.

அதே பிட்டர்தான் இன்னொன்றையும் தடுத்தார். தண்ணீர் நிரப்ப நேரமாகிறதே, கம்ப்ரசர் காற்றிலேயே டெஸ்ட் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தோம். தண்ணீர் அழுத்தத்தில் அவ்வளவாகச் சுருங்காது. எங்காவது விட்டுப்போனால் கொஞ்சம் பீறிட்டு, அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. அது அமுங்கிய ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். தகடு கழன்றால் குண்டு போலப் பறக்கும். நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற அண்ணன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது எதற்கு என்றும் அன்றுதான் விளங்கியது. அந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது என்று எங்கள் தாளில் ஒரு வரி சேர்த்தோம்.

வழி எங்கே கிடைத்தது என்றால், கேசிங்கின் வடிவத்திலேயே. பின்வாயும் சக்ஷன் வாயும் ஒரே அச்சில் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு தடித்த கம்பியை விட்டு, இரண்டு பக்கத் தகட்டையும் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிவிட்டால் பன்னிரண்டு போல்ட்டும் வேண்டாம். கேசிங்கைக் கீழ்த் தகட்டின் மேல் கவிழ்த்து வைப்பது, மேலே தகடு, அதன் மேல் ஆங்கில 'C' மாதிரி ஒரு பக்கம் திறந்த சி-வாஷர், ஒரு 24 எம்.எம். நட். நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் வாயுள்ள அந்த வாஷரைப் பக்கவாட்டில் உருவிவிடலாம். தகடு நட்டைத் தாண்டி மேலே வந்துவிடும், நட்டை முழுசாகக் கழற்ற வேண்டியதே இல்லை. டூல் ரூம்களில் காலம் காலமாக இருக்கும் உத்தி. டெலிவரி வாய் சின்னது. அங்கே 200 கிலோ அளவுதான் தள்ளும். ஆக நாங்கள் அவசரப்பட்டு வாங்கிய கிளாம்ப் ஒன்று அங்கே வேலைக்கு ஆயிற்று.

முதல் ட்ரையலில் கம்பியை ஒட்டியே தண்ணீர் பீச்சி அடித்தது. நட் தாண்டிப் போக வேண்டும் என்று தகட்டில் பெரிய ஓட்டை போட்டிருந்தோம். அந்த ஓட்டையை யார் அடைப்பது? நான்கு பேரும் மூன்று மாதம் பார்த்த படத்தில் அது கண்ணில் படவே இல்லை. பிறகு கம்பியில் நட்டைவிடப் பெரிய ஒரு காலர் (கம்பியைச் சுற்றிய புடைப்பு) கடைந்து, தகட்டின் துளைக்குள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை வைத்து அந்தக் காலரின் மேல் உட்கார வைத்தோம். நின்றது.

அப்புறம் அந்தக் கைப்பிடி. படத்தில் 25 செ.மீ. வைத்திருந்தோம், பார்க்க அழகாக இருந்தது. இரண்டு டன் இழுவை வர வேண்டுமானால் கணக்குப்படி அதன் நுனியில் கிட்டத்தட்ட 40 கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். அண்ணன் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு போல்ட்டை எடுத்துவிட்டு, அதே மணிக்கட்டுக்கு வேறு வலியைக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். 50 செ.மீ. ஆக்கினால் பலம் பாதியாகும், ஆனால் கைப்பிடி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இடித்தது. கடைசியில், முழுச் சுற்று சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டியே இறுக்கக்கூடிய, நீளப் பிடி வைத்த ராட்செட் ஸ்பேனர். இன்னொரு சிக்கல்: கம்பி நெட்டுக்குத்தாக நிற்பதால் கேசிங்கை அதற்கு மேல் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. பதினெட்டு கிலோவைக் கூடுதலாக ஒரு முழம் தூக்குவது ஒரு நாள் முழுக்கச் செய்பவருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் எதற்கும் எடை கிடையாது. பெஞ்சின் கால்களை வெட்டி உயரத்தைக் குறைத்தோம்.

இதையெல்லாம் பிளைவுட்டிலும் பி.வி.சி. பைப்பிலும் ஒரு டம்மி செய்து பார்த்திருந்தால் ஐந்நூறு ரூபாயில் தெரிந்திருக்கும். இப்போது என் அணிகள் யாராக இருந்தாலும், இரும்பு வெட்டுமுன் அட்டையிலோ மரத்திலோ முழு அளவில் ஒன்று செய்து, அதை உபயோகிக்கப் போகிறவரின் கையில் கொடுத்தாக வேண்டும்.

காலம், பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி செலவை ஏற்கும் என்று வாயால் சொன்னால் போதாது. பில் யார் பெயரில், பி.ஓ. (கம்பெனி கடைக்குத் தரும் பர்ச்சேஸ் ஆர்டர்) யார் போடுவது, எவ்வளவு வரை நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் கம்பிக்கு பி.ஓ. வர மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய இரும்பைத்தான் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்தோம். ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பட்டறைகளில் ஆள் இருக்காது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். உங்கள் ரிவ்யூ தேதி அவர்களுக்குத் தெரியாது. வெளியே கொடுக்கும் வேலை எல்லாவற்றையும் மார்கழி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

அணிக்குள் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவன் பிப்ரவரி முழுக்க வரவில்லை. பிளேஸ்மென்ட் ட்ரெயினிங். மற்ற மூவருக்கும் உள்ளுக்குள் புகைந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் பட்டறை வாசலில் பெரிய சண்டையாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டோம். இன்று யார் வந்தார், என்ன செய்தார், நாளை யார் என்ன செய்ய வேண்டும். மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது. அவனால் பகலில் வர முடியாது என்று தெளிவாகத் தெரிந்ததும், இரவில் செய்யக்கூடிய கணக்கும் ரிப்போர்ட்டும் அவன் பங்கு ஆயிற்று. நன்றாகவே செய்தான். இந்த நோட்டை முதல் நாளே போட்டிருந்தால் ஒரு நட்பில் கீறல் விழாமல் இருந்திருக்கும்.

ஃபைனல் ரிவ்யூவில் ஒரு எக்ஸாமினர், "இதில் புதுமை என்ன? ஒரு கம்பி, ஒரு நட்" என்றார். மனது உடைந்துபோனது. கையில் இருந்தது நாற்பது கேசிங்கின் பழைய நேரமும், முப்பது கேசிங்கின் புது நேரமும். 11 நிமிடம் 6 நிமிடமாகியிருந்தது. அந்தப் பட்டியலை நீட்டிய பிறகு அவர் கேள்விகளின் தொனி மாறியது. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற அளவு இல்லாமல் ரிவ்யூவுக்குப் போகாதீர்கள். ஒன்றை மாற்றுவதற்கு முன்னால்தான் பழைய நிலையை அளக்க முடியும். மாற்றிய பிறகு அளக்க ஆசைப்பட்டாலும் முடியாது.

கம்பெனியின் டிராயிங்கை ரிப்போர்ட்டில் போடலாமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் அச்சடித்த பிறகு கேட்டோம். ஆறு பக்கங்களைக் கிழித்து மாற்ற வேண்டியதாயிற்று.

கம்பெனித் தரப்பில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 1963-லிருந்து "கிளினிக்" என்ற பெயரில் இப்படி மாணவர் அணிகள் கம்பெனிகளின் நிஜப் பிரச்சினைகளைச் செய்து தருகின்றன. கம்பெனி அதற்குக் கட்டணம் செலுத்துகிறது, அணியோடு பேசுவதற்கென்றே ஒருவரையும் நியமிக்கிறது. நம் நாட்டில் பிலானியின் பிட்ஸ் 1973-லேயே பிராக்டிஸ் ஸ்கூல் என்று மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. தெருவுக்குத் தெரு பவுண்டரியும் லேத்தும் பம்பு கம்பெனியும் இருக்கிற கோவையில், சுற்றிலும் இத்தனை கல்லூரிகள் இருந்தும், இன்னும் மாமா சிபாரிசில்தான் மாணவர்கள் உள்ளே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாகப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அணிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்றும் சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் டெலிவரி கொடுக்க வேண்டிய அவசர வேலையை மாணவர் தலையில் கட்டாதீர்கள். யாருக்கும் தேவையில்லாத வேலையையும் கொடுக்காதீர்கள், இரண்டே வாரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும். செய்தாலும் நல்லது, தாமதமானாலும் உற்பத்தி நிற்காது என்கிற மாதிரி வேலைகள் ஒவ்வொரு ஷாப்பிலும் குறைந்தது பத்து கிடக்கின்றன.

ஃபிக்ஸ்சரை, அதாவது கேசிங்கைப் பூட்ட நாங்கள் செய்த அந்த அமைப்பை, கொடுத்துவிட்டு வரும்போது ஓ-ரிங் சைஸ்களையும் அவை கிடைக்கும் கடையையும் எழுதி, லேமினேட் செய்து பெஞ்சில் மாட்டிவிட்டு வந்தோம். மெயின்டனன்ஸ் ஆட்கள் இன்றும் அதைப் பாராட்டுவார்கள். பல நல்ல பிராஜெக்ட்கள் நாற்பது ரூபாய் ஓ-ரிங் கிடைக்காமல் மூலையில் துருப்பிடிப்பதை அதன் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தோம். அன்று அதை பிராஜெக்ட்டில் ஒரு பகுதியாகவே நாங்கள் நினைக்கவில்லை. அண்ணன் ஒழுகும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, கேசிங்கை ரிஜெக்ஷன் டிராலியில் வைத்துவிடுவார். டிராலி போனதும் வட்டமும் போய்விடும். ஒரு நாள் அவர், "எப்பவும் இங்கதானுங்க ஒழுகும்" என்று டெலிவரி வாய்க்குக் கீழே, உள்ளே நாக்கு மாதிரி வரும் இடத்தைத் தட்டிக் காட்டினார். தடித்த இரும்பும் மெலிந்த இரும்பும் சேரும் இடம் அது. தடித்த பகுதி கடைசியில் உறையும்போது சுருங்கி, உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும். அவர் அதை உலோகவியல் படித்துச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கேசிங்கைத் தடவிப் பார்த்துச் சொன்னார். நாங்கள் கேசிங்கின் கோட்டுப் படத்தை ஏ4 தாளில் அச்சடித்து, ஒழுகும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி ஒரு கட்டுத் தாள் கொடுத்துவிட்டு வந்தோம்.

படித்து முடித்து அதே கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், வார்ப்பு அச்சுக்கான மாதிரிகளைச் செய்யும் பேட்டர்ன் ஷாப் சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ஒரே இடத்தில் புள்ளிகள் ஈக்கூட்டம் மாதிரி அப்பிக் கிடந்தன. பவுண்டரிக்காரர்கள் அந்த இடத்தில் அச்சுக்குள் 'சில்' என்று சொல்லும், சூட்டை உறிஞ்சும் இரும்புத் துண்டு வைத்து, அந்தப் பகுதி சீக்கிரம் உறையும்படி மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் அடுத்த மாதத் தாளும் இருந்தது. அதில் புள்ளிகள் சிதறலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். ஃபிக்ஸ்சரின் கம்பியை இதுவரை இரண்டு தடவை மாற்றிவிட்டோம். தாளை மட்டும் மாதா மாதம் அதே கோட்டுப் படத்தோடு அடிக்கிறோம், இப்போது பெஞ்சில் இருக்கும் தம்பி சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கிறார்.